நீரிழிவு நோயும் செவிலியர் பணியும்

நம் நாட்டின் மக்கள் நல்வாழ்வுப் பணிகள் நெடுங்காலமாகத் தொற்று நோய்களையே முதன்மையாகக் கருதி வகுக்கப்பட்டு வந்தன. காலரா, அம்மை, மலேரியா, காசநோய் ஆகியவற்றை எதிர்த்துப் போராடுவதற்கென்றே கிராமச் சுகாதார நிலையங்களும் மாவட்ட மருத்துவமனைகளும் அமைந்தன. இன்று அந்நிலை மாறியுள்ளது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாத, ஆனால் ஆயுள் முழுதும் உடனிருக்கும் நோய்கள் மருத்துவமனைப் படுக்கைகளில் பெரும் பகுதியை நிரப்புகின்றன. அவற்றுள் தலையாயது நீரிழிவு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்ற நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. 31 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் 20 வயதுக்கு மேற்பட்ட 1,13,043 பேர் இவ்வாய்வில் உட்படுத்தப்பட்டனர். வயது வந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 15.3 சதவீதத்தினர் அதன் முன்நிலையில் இருப்பதாகவும் அது கணித்தது. எண்ணிக்கையில் கூறினால், நீரிழிவு உள்ளோர் சுமார் 10.1 கோடி, முன்நிலையில் உள்ளோர் சுமார் 13.6 கோடி. நகர்ப்புறத்தில் 16.4 சதவீதமாக உள்ள இந்நோய் கிராமப்புறத்திலும் 8.9 சதவீதத்தை எட்டிவிட்டது. கோவாவில் 26.4 சதவீதம், உத்தரப் பிரதேசத்தில் 4.8 சதவீதம் என மாநிலங்களுக்கிடையே பெரும் வேறுபாடும் காணப்படுகிறது.

இவ்வளவு பெரிய எண்ணிக்கையினரை மருத்துவர்கள் மட்டுமே பேணிக் காத்தல் இயலாது. நீரிழிவு நோயாளி மருத்துவரைச் சந்திப்பது சில நிமிடங்களே. மருத்துவமனையில் இருக்கும் நாளெல்லாம் அவருக்கு இரத்தச் சோதனை செய்வதும், இன்சுலின் செலுத்துவதும், உணவு உட்கொண்டாரா எனக் கவனிப்பதும், அவருடைய பாதத்தைப் பார்வையிடுவதும், வீடு திரும்புமுன் அவருக்குக் கற்பிப்பதும் செவிலியரே. ஆகவே நீரிழிவுக் கட்டுப்பாட்டின் வெற்றி தோல்வி பெருமளவில் செவிலியர் பணியின் தரத்தையே சார்ந்துள்ளது. அப்பணியின் கூறுகளையும், அது செவ்வனே நடைபெற நிர்வாகம் செய்ய வேண்டியவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நோயின் தன்மை

நாம் உண்ணும் மாவுப் பொருள்கள் செரிமானத்தின் பின் குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அக்குளுக்கோசு உடலின் உயிரணுக்களுக்குள் சென்று ஆற்றலாகப் பயன்படுவதற்கு இன்சுலின் இன்றியமையாதது. கணையத்திலுள்ள பீட்டா அணுக்கள் இதனைச் சுரக்கின்றன. இன்சுலின் சுரப்பு அற்றுப்போனாலோ, சுரந்தும் உடல் அதற்குச் சரிவர இணங்காவிட்டாலோ, இரத்தத்தில் சர்க்கரை மிகுகிறது. சிறுநீரகம் ஓரளவுக்கு மேல் அதனைத் தடுத்து நிறுத்த இயலாமல் சிறுநீரில் வெளியேற்றுகிறது. சர்க்கரையோடு நீரும் வெளியேறுவதால் அடிக்கடி சிறுநீர் கழிதல், தணியாத தாகம், உடல் மெலிவு ஆகிய குறிகள் தோன்றுகின்றன.

முதல் வகை நீரிழிவில் உடலின் தற்காப்பு அமைப்பே பீட்டா அணுக்களை அழித்துவிடுகிறது. இவ்வகையினருக்கு இன்சுலின் ஒரு மருந்து என்பதை விட உயிர் காக்கும் தேவை எனலாம். ஒரு நாளும் அதனை நிறுத்தலாகாது. இரண்டாம் வகையே பெரும்பாலோரிடம் காணப்படுவது. இதில் இன்சுலினுக்கு உடல் இணங்காமையும், நாளடைவில் சுரப்புக் குறைவும் சேர்ந்து காணப்படும். இந்தியர்களுக்கு மிகுந்த உடற்பருமன் இல்லாமலேயே, வயிற்றுப் பகுதியில் கொழுப்புச் சேர்வதால் இந்நோய் வருவதுண்டு. ஆகவேதான் நம்மவர்க்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற அளவை எட்டினாலே எச்சரிக்கை தேவையெனக் கருதப்படுகிறது.

1921-ஆம் ஆண்டு கனடாவின் டொரான்டோ நகரில் பிரெடரிக் பாண்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுக்கும் பணியில் வெற்றி கண்டனர். 1922 ஜனவரியில் அது முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. அதற்கு முன்னர் முதல் வகை நீரிழிவு என்பது சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ உறுதியாக மரணத்தில் முடியும் நோயாகவே இருந்தது. பாண்டிங் பிறந்த நவம்பர் 14-ஆம் நாளே உலக நீரிழிவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

கண்டறியும் அளவுகள்

குறைந்தது 8 மணி நேரம் உண்ணாதிருந்த பின் எடுக்கும் இரத்தத்தில் டெசி லிட்டருக்கு 126 மி.கி. அல்லது அதற்கு மேல் சர்க்கரை இருப்பின் அது நீரிழிவு. 75 கிராம் குளுக்கோசு அருந்தி 2 மணி நேரம் கழித்து 200 மி.கி. அல்லது அதற்கு மேல் இருப்பினும் நீரிழிவே. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையைக் காட்டும் எச்பிஏ1சி என்னும் சோதனையில் 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவைக் குறிக்கும். நோய்க்குறிகள் தெளிவாக இல்லாதவரிடம் ஒரே சோதனையைக் கொண்டு முடிவு செய்யாமல் மீண்டும் ஒருமுறை உறுதிப்படுத்துவது முறையாகும்.

எச்பிஏ1சி சோதனையில் ஒரு நுட்பம் உண்டு. அது இரத்தச் சிவப்பணுக்களின் ஆயுளைச் சார்ந்தது. இரும்புச்சத்துக் குறைவால் ஏற்படும் இரத்தசோகையில் இவ்வளவு உண்மை நிலையை விட உயர்ந்து தோன்றக்கூடும். அண்மையில் இரத்த இழப்போ இரத்த ஏற்றமோ நிகழ்ந்திருப்பின் பொருந்தா அளவு கிடைக்கும். இரத்தசோகை பரவலாக உள்ள நம் நாட்டில், இவ்விவரத்தை நோயாளிக் குறிப்பேட்டில் எழுதி மருத்துவரின் கவனத்திற்குக் கொணர்வது செவிலியரின் கடமையாகும்.

விரல் நுனியில் குத்திக் குளுக்கோமீட்டரால் அளப்பது அன்றாடக் கண்காணிப்புக்கு உரியது. இதிலும் பிழைகள் நேர வழியுண்டு. பழம் உரித்த கையைக் கழுவாமல் சோதித்தால் சர்க்கரை மிகுந்து காட்டும். ஸ்பிரிட் உலருமுன் குத்தினாலும், விரலை அழுத்திப் பிழிந்தாலும் அளவு மாறும். சோப்பும் நீரும் கொண்டு கழுவி, நன்கு துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துதல் சிறந்தது. குத்தும் ஊசியை ஒருவருக்குப் பயன்படுத்திய பின் மற்றவருக்குப் பயன்படுத்துவது எந்நிலையிலும் கூடாது.

வார்டில் சர்க்கரையின் இலக்கு

நிமோனியா, எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை, மாரடைப்பு என வேறு காரணங்களுக்காகச் சேர்க்கப்படும் உள்நோயாளிகளிலும் பலருக்கு நீரிழிவு இருக்கும். நோயின் அழுத்தமும், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளும் சர்க்கரையை மேலும் உயர்த்தும். இதனை எவ்வளவு இறக்குவது என்பது நெடுங்காலம் விவாதத்திற்குரியதாக இருந்தது.

2009-இல் வெளியான, 'நைஸ் சுகர்' எனப்பட்ட பன்னாட்டு ஆய்வு இதற்கு விடை தந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த 6,104 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குச் சர்க்கரையை 81 முதல் 108 மி.கி. வரை கடுமையாகக் கட்டுப்படுத்தினர். மறு பிரிவினருக்கு 180-க்குள் இருந்தால் போதுமென விட்டனர். 90 நாள்களில் கடுங்கட்டுப்பாட்டுப் பிரிவில் 27.5 சதவீதத்தினரும் மற்றதில் 24.9 சதவீதத்தினரும் இறந்தனர். தாழ்நிலைச் சர்க்கரையும் முன்னதிலேயே மிகுந்திருந்தது. ஆகவே தீவிர சிகிச்சையில் உள்ள பெரும்பாலோருக்கு 140 முதல் 180 வரை என்பதே இன்று ஏற்கப்பட்ட இலக்கு. பொது வார்டில் உள்ளோர்க்கு 100 முதல் 180 வரை இருக்கலாம். சர்க்கரை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் வார்டில் ஆபத்தானது என்பதைப் பயிற்சிச் செவிலியர் முதலில் உணர வேண்டும்.

இன்சுலினும் சிரிஞ்சும்

வார்டில் நேரும் மருந்துப் பிழைகளுள் மிகவும் தீங்கானவற்றில் இன்சுலின் பிழை ஒன்று. இந்தியாவில் இதற்குத் தனிப்பட்ட காரணமும் உண்டு. நம் நாட்டில் ஒரு மில்லி லிட்டரில் 40 அலகு கொண்ட இன்சுலின் குப்பியும், 100 அலகு கொண்ட குப்பியும் இரண்டுமே புழக்கத்தில் உள்ளன. பேனா வடிவில் வருபவை பொதுவாக 100 அலகு வலிமையுடையவை. இவற்றுக்கேற்ப சிரிஞ்சுகளும் இருவகை. 40 அலகுக்கான சிரிஞ்சு சிவப்பு மூடியும், 100 அலகுக்கான சிரிஞ்சு ஆரஞ்சு மூடியும் உடையது.

இவை மாறினால் விளைவது என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மருத்துவர் 20 அலகு எழுதியுள்ளார். செவிலியர் 100 அலகுக் குப்பியிலிருந்து 40 அலகுச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுக்கிறார். அக்கோடு வரை உள்ள கொள்ளளவு அரை மில்லி லிட்டர். எனவே உட்செல்வது 50 அலகு. எழுதியதைப் போல் இரண்டரை மடங்கு! இரவில் இப்பிழை நேர்ந்தால் நோயாளி விடியலில் நினைவிழந்து காணப்படலாம். இதற்கு மாறாக, 40 அலகுக் குப்பியிலிருந்து 100 அலகுச் சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் கொள்ளளவு 0.2 மில்லி லிட்டர். உட்செல்வது 8 அலகே. சர்க்கரை இறங்கவில்லையென மருத்துவர் அளவை உயர்த்திக்கொண்டே போவார். பின்னொரு நாள் சரியான சிரிஞ்சு கைக்கு வந்ததும் நோயாளி ஆபத்துக்கு உள்ளாவார்.

இதனைத் தவிர்க்க நான்கு விதிகள் போதும். முதலாவதாக, குப்பியின் வலிமையையும் சிரிஞ்சின் வலிமையையும் ஒருங்கே வைத்து வாய்விட்டுப் படித்தல். இரண்டாவதாக, செலுத்துமுன் மற்றொரு செவிலியரைக் கொண்டு சரிபார்த்தல். மூன்றாவதாக, 'அலகு' என்ற சொல்லை முழுமையாக எழுதுதல். ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்தை மட்டும் எழுதினால் அது பூச்சியம் போலத் தோன்றி 4 அலகு 40 ஆகிவிடும். நான்காவதாக, கூடுமானவரை ஒரு மருத்துவமனையில் ஒரே வலிமையுள்ள குப்பிகளையே வாங்குதல். கடைசி விதி செவிலியரின் கையில் இல்லை. கொள்முதல் அதிகாரியின் கையில் உள்ளது.

திறக்காத குப்பிகளை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். உறையவிட்ட இன்சுலின் பயனற்றது. திறந்த குப்பியைக் குளிர்ந்த இடத்தில் சுமார் 4 வாரம் வரை பயன்படுத்தலாம். திறந்த நாளைக் குப்பியின் மேல் எழுதுதல் அவசியம். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில், ஈர மணலிட்ட மண்பானைக்குள் நீர் புகாத சிறு கலத்தில் வைத்துக் காக்கலாம். கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்டிக் கலக்க வேண்டும். தெளிந்ததையும் கலங்கியதையும் ஒரே சிரிஞ்சில் எடுக்க நேர்ந்தால் தெளிந்ததை முதலில் எடுப்பது முறை.

ஊசி போடும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வயிறு, தொடை, புட்டம், மேற்கையின் பின்புறம் ஆகியவை ஏற்ற இடங்கள். முன்பு போட்ட இடத்திலிருந்து குறைந்தது ஒரு செ.மீ. தள்ளிப் போடுதல் நன்று. ஒரே இடத்தில் போட்டுவந்தால் தோலடியில் கொழுப்புக் கட்டி தோன்றும். அங்கே வலி குறைவாதலால் நோயாளிகள் அவ்விடத்தையே விரும்புவர். ஆனால் அங்கிருந்து இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படுவதில்லை. சர்க்கரை காரணமின்றி ஏறி இறங்கும் நோயாளியின் வயிற்றைக் கையால் தடவிப் பார்த்தாலே பல வேளைகளில் காரணம் புலப்படும்.

ஊசியும் உணவும்

சாதாரண இன்சுலினை உணவுக்குச் சுமார் 30 நிமிடம் முன்னரும், விரைந்து செயல்படும் புதிய இன்சுலினை உணவுக்குச் சற்று முன்னரும் செலுத்த வேண்டும். இது பாடநூலில் எளிது, வார்டில் அரிது. காலை 7 மணிக்கு இரவுப் பணிச் செவிலியர் அனைவருக்கும் ஊசி போட்டுவிட்டுப் பணிமுறையை ஒப்படைக்கிறார் எனக் கொள்வோம். உணவு வண்டி 8.30-க்கு வருகிறது. ஒரு நோயாளியை இதற்கிடையில் எக்ஸ்ரே பிரிவுக்கு அழைத்துச் செல்கின்றனர். அவர் திரும்புகையில் உணவு வழங்கல் முடிந்துவிட்டது. ஊசி போட்டவரும், உணவு வழங்கியவரும், அழைத்துச் சென்றவரும் தத்தம் பணியைச் செய்தவர்களே. எனினும் நோயாளியின் சர்க்கரை ஆபத்தான நிலைக்கு இறங்கிவிடுகிறது.

ஆகவே சோதனை, ஊசி, உணவு ஆகிய மூன்றையும் ஒரே செயலின் மூன்று படிகளாகக் கொள்ளல் வேண்டும். உணவு வண்டி வார்டுக்குள் வரும் நேரத்தை அடிப்படையாகக் கொண்டே ஊசி நேரம் வகுக்கப்பட வேண்டும். சோதனைக்காக உண்ணாதிருக்க வேண்டிய நோயாளியின் படுக்கையில் அறிவிப்பு அட்டை தொங்கவிட்டு, உணவுக்குரிய இன்சுலினை மருத்துவரிடம் கேட்டு நிறுத்தி வைக்க வேண்டும். முதல் வகை நோயாளிக்கு மட்டும், உண்ணாத நிலையிலும் அடிப்படை இன்சுலினை முற்றிலும் நிறுத்தலாகாது.

அதேபோல், சர்க்கரை உயர்ந்த பின்னரே அதற்கேற்ப ஊசி போடும் பழைய முறையை மட்டும் நம்பியிருத்தல் இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை. அது சர்க்கரையைத் துரத்திச் செல்லுமேயன்றி, உயராமல் தடுக்காது. அடிப்படை இன்சுலினும் உணவுவேளை இன்சுலினும் சேர்ந்த முறையே ஏற்றது.

தாழ்நிலைச் சர்க்கரை

சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழ் இறங்கினால் எச்சரிக்கை. 54-க்குக் கீழ் இறங்கினால் உடனடிச் செயல் தேவைப்படும் கடும் நிலை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி ஆகியன முதற்குறிகள். மூளைக்குக் குளுக்கோசு குறையும்போது குழப்பம், உளறல், தள்ளாட்டம், வலிப்பு, நினைவிழப்பு ஆகியவை தொடரும். முதியோரிடம் முதற்குறிகள் தோன்றாமலே குழப்பம் நேரலாம். பீட்டா தடுப்பு மருந்து உட்கொள்வோரிடம் நடுக்கமும் படபடப்பும் மறைந்து வியர்வை மட்டுமே எஞ்சி நிற்கும். குடித்திருக்கிறார் என்றோ, பக்கவாதம் என்றோ கருதி இந்நிலையைத் தவறவிடுவதுண்டு. நீரிழிவு நோயாளியிடம் திடீரென நடத்தை மாறுமானால், முதலில் சர்க்கரையை அளந்து பார்ப்பதே விதி.

நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் 15 கிராம் குளுக்கோசோ, 3 தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்தோ கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடியும் கொடுக்க வேண்டும். உயர்ந்த பின் சிற்றுண்டியோ உணவோ தருவது அவசியம். நினைவிழந்தவருக்கு வாய்வழி எதுவும் கொடுக்கலாகாது. மூச்சுக்குழலில் புகுந்து உயிருக்கு ஊறு விளையும். அவருக்குச் சிரை வழியே டெக்ஸ்ட்ரோஸ் செலுத்த வேண்டும். 25 சதவீதக் கரைசலில் 100 மில்லி லிட்டர், அல்லது 50 சதவீதக் கரைசலில் 50 மில்லி லிட்டர், 25 கிராம் குளுக்கோசைத் தரும். சிரை கிடைக்காதபோது குளுக்ககான் 1 மி.கி. தசையில் செலுத்தலாம்.

கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளால் ஏற்பட்ட தாழ்நிலை, ஒருமுறை சரியான பின்னும் பல மணி நேரம் கழித்து மீண்டும் தோன்றும். சிறுநீரகம் பழுதுபட்டோரிடம் இது இன்னும் நீளும். ஆகவே அவர்களை உடனே வீட்டுக்கு அனுப்பாமல் குறைந்தது ஒரு நாளாவது கண்காணிக்க வேண்டும்.

உயர்நிலை நெருக்கடி

இன்சுலின் மிகக் குறைந்தால் உடல் கொழுப்பைச் சிதைத்துக் கீட்டோன்களை உண்டாக்குகிறது. இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. வாந்தி, வயிற்றுவலி, நீர் வறட்சி, ஆழ்ந்த விரைந்த மூச்சு, மூச்சில் அழுகிய பழம் போன்ற மணம் ஆகியவை குறிகள். இரண்டாம் வகை முதியோரிடம் கீட்டோன் மிகுதியின்றியே சர்க்கரை 600-க்கு மேல் ஏறிக் கடும் நீர் வறட்சியும் நினைவு மங்கலும் ஏற்படுவதுண்டு. இரண்டுமே உயிருக்கு ஆபத்தானவை.

சிகிச்சையின் முதற்படி இன்சுலின் அன்று, சலைன் நீர்மமே. அதனையடுத்துப் பொட்டாசியத்தின் அளவை அறிதல் வேண்டும். இன்சுலின் பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ளுவதால், ஏற்கெனவே அது குறைந்துள்ளவருக்கு இன்சுலின் கொடுத்தால் இதயத்துடிப்பு நின்றுவிடலாம். பின்னர் உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 0.1 அலகு வீதம் சாதாரண இன்சுலின் சிரை வழியே செலுத்தப்படுகிறது. 50 மில்லி லிட்டர் சலைனில் 50 அலகு கலந்தால் ஒரு மில்லி லிட்டருக்கு ஓர் அலகு. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 6 மில்லி லிட்டர் எனக் கணக்கு எளிதாகிறது. பிளாஸ்டிக் குழாயில் இன்சுலின் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையதாதலால், தொடங்குமுன் கரைசலில் சிறிதளவைக் குழாய் வழியே வெளியேற்றிவிடுதல் நன்று.

மணிக்கொருமுறை சர்க்கரை, சிறுநீர் அளவு, நாடி, இரத்த அழுத்தம், நினைவு நிலை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். சர்க்கரை 250 அளவுக்கு இறங்கியதும் டெக்ஸ்ட்ரோஸ் நீர்மம் சேர்க்கப்படுமேயன்றி, கீட்டோன் நீங்கும் வரை இன்சுலின் நிறுத்தப்படுவதில்லை. சர்க்கரை இறங்கிவிட்டதே என எண்ணி இன்சுலினை மூடிவிடுவது பயிற்சிக் காலத்தில் நேரும் பிழைகளுள் ஒன்று. எஸ்ஜிஎல்டி2 எனப்படும் புதிய வகை மாத்திரைகளை உட்கொள்வோரிடம், சர்க்கரை அதிகம் உயராமலே இந்த அமில நிலை தோன்றலாம் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு வருவோரிடம் இம்மாத்திரை பற்றிக் கேட்டறிந்து முன்கூட்டியே மருத்துவருக்குத் தெரிவிப்பது செவிலியரின் பொறுப்பாகும்.

பாதமும் நுரையீரலும்

நாள்பட்ட நீரிழிவு கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், நரம்பு, இதயம் ஆகியவற்றைப் பாதிக்கிறது. ஆண்டுக்கொருமுறை விழித்திரைச் சோதனையும், சிறுநீரில் ஆல்புமின் சோதனையும் அனைவருக்கும் தேவை. இவற்றுக்கு ஆய்வுக்கூடமும் வல்லுநரும் வேண்டும். பாதச் சோதனைக்கோ செவிலியரின் கண்ணும் கையும் போதும்.

நரம்பு மரத்த பாதத்தில் முள் தைத்தாலும் செருப்பு கடித்தாலும் தெரிவதில்லை. கோயிலிலும் வீட்டிலும் வயலிலும் வெறுங்காலுடன் நடக்கும் வழக்கமுள்ள நம் மக்களுக்கு இது பெரும் ஆபத்து. வெயிலில் காய்ந்த கல் தளத்தில் நடந்து கொப்புளம் கண்டோரும், வெந்நீரில் காலை நனைத்து வெந்துபோனோரும் உண்டு. 10 கிராம் அழுத்தமுள்ள நைலான் இழையால் பாதத்தின் பல இடங்களில் தொட்டு உணர்ச்சியை அறிதல், பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடியைத் தொட்டுப் பார்த்தல், விரலிடுக்குகளைப் பார்வையிடுதல் ஆகிய மூன்றும் ஐந்து நிமிடப் பணி. வார்டில் சேரும் ஒவ்வொரு நீரிழிவு நோயாளிக்கும் முதல் நாளே இது செய்யப்படுமாயின், பல கால்கள் அறுவைக்குத் தப்பும். படுக்கையிலேயே இருப்போரின் குதிகாலில் அழுத்தப்புண் தோன்றாமல் காப்பதும் இதனுள் அடங்கும்.

நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரை விட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். ஆகவே நீரிழிவு நோயாளியிடம் இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு ஆகியவை உண்டா எனக் கேட்பதும், காசநோயாளி அனைவருக்கும் சர்க்கரைச் சோதனை செய்வதும் இந்தியச் சூழலில் இன்றியமையாதவை. ரிஃபாம்பிசின் மருந்து, நீரிழிவு மாத்திரைகள் சிலவற்றின் ஆற்றலைக் குறைத்துவிடும் என்பதும் குறிப்பிடத்தக்கது.

வீடு திரும்புமுன்

மருத்துவமனையில் கட்டுப்பட்ட சர்க்கரை வீட்டில் மீண்டும் ஏறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அறியாமையே. வெளியேறும் நாளன்று மருந்துச் சீட்டோடு அவசரமாகச் சொல்லப்படும் அறிவுரை மனத்தில் நிற்பதில்லை. சேர்ந்த நாள் முதல் சிறிது சிறிதாகக் கற்பித்து, இறுதியில் நோயாளியோ அவர் வீட்டாரோ தம் கையாலேயே அளந்து ஊசி போட்டுக் காட்டச் செய்ய வேண்டும். 'புரிந்ததா?' எனக் கேட்பதை விட 'செய்து காட்டுங்கள்' எனக் கூறுவது பயன் தரும். சிரிஞ்சின் கோடுகளைப் படிக்க இயலாத பார்வைக் குறைவு இச்சமயத்திலேயே வெளிப்படும்.

உணவு பற்றிய அறிவுரை நோயாளியின் வீட்டு அடுப்பை அறிந்ததாக இருக்க வேண்டும். சோறோ சப்பாத்தியோ தட்டின் கால் பகுதி, பருப்பு, பயறு, முட்டை, மீன் போன்றவை கால் பகுதி, காய்கறி அரைப்பகுதி என்ற அளவு எங்கும் பொருந்தும். வீட்டில் சமையல் செய்பவர் வேறொருவராயின் அவரையும் அழைத்துப் பேசுதல் வேண்டும். விரத நாள்களிலும் ரமலான் நோன்புக் காலத்திலும் மருந்தளவை மாற்றிக்கொள்ள முன்னரே மருத்துவரைக் கேட்குமாறு கூற வேண்டும். காய்ச்சலோ வாந்தியோ கண்டபோது இன்சுலினைத் தாமாக நிறுத்தலாகாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

முன்நிலையில் உள்ளோர்க்கும் நம்பிக்கை உண்டு. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவும் நடையும் சீர்படுத்தியதால் மட்டுமே நீரிழிவு தோன்றும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரையால் குறைந்தது 26.4 சதவீதம். விலையில்லா அறிவுரை மாத்திரைக்கு இணையாக நின்றது என்பது செவிலியர்க்கு ஊக்கமளிக்கும் செய்தியாகும்.

கிராமத்தில் தொடர்பணி

2010-இல் தொடங்கிய தேசியத் திட்டம், 2023-இல் தொற்றா நோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுக்கான தேசியத் திட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 30 வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் சோதித்தறிவது அதன் அடிப்படை. 2018 முதல் துணைச் சுகாதார நிலையங்கள் நலவாழ்வு மையங்களாக உயர்த்தப்பட்டு, 2023-இல் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் எனப் பெயரிடப்பட்டன. அங்கே செவிலியப் பயிற்சி பெற்ற பலர் சமுதாய நல அலுவலர்களாகப் பணியாற்றுகின்றனர். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகள் வீட்டு வாசலிலேயே வழங்கப்படுகின்றன. அன்றாடக் கூலியை இழந்து மருத்துவமனையில் வரிசையில் நிற்க இயலாதோர் மருந்தை இடையில் நிறுத்திவிடாமல் இருக்க இது உதவுகிறது.

எனினும் மாவட்ட மருத்துவமனைக்கும் கிராமத்திற்கும் இடையே ஒரு கண்ணி விடுபட்டிருப்பதைப் பல இடங்களில் காணலாம். வெளியேறும் நோயாளியின் இன்சுலின் அளவு, குப்பியின் வலிமை, பாதத்தின் நிலை, அடுத்த சோதனை நாள் ஆகியவை அவ்வூர்ச் சமுதாய நல அலுவலருக்கு எழுத்தில் சென்று சேருமாயின் அக்கண்ணி இணையும்.

நிர்வாகத்தின் கடமை

மேற்கூறியவற்றைச் செவிலியரின் ஊக்கத்திற்கே விட்டுவிடுதல் நியாயமன்று. நிர்வாகம் செய்து தர வேண்டியவை சில உள. தாழ்நிலைச் சர்க்கரை கண்டவுடன், மருத்துவரின் வருகைக்குக் காத்திராமல் டெக்ஸ்ட்ரோஸ் செலுத்தச் செவிலியருக்கு அதிகாரமளிக்கும் எழுத்து வடிவ நிலையாணை ஒவ்வொரு வார்டிலும் இருத்தல் வேண்டும். அதற்குரிய மருந்துகள் பூட்டப்படாத பெட்டியில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். இன்சுலின் குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் ஒரே வலிமையில் கொள்முதல் செய்ய வேண்டும். உணவு நேரத்தையும் பணிமுறை மாறும் நேரத்தையும் இணைத்து வகுக்க வேண்டும். பாதச் சோதனைக்கான நைலான் இழை, ஊசி அறுக்கும் கருவி, போதிய சோதனைப் பட்டைகள் ஆகியவை சிறு செலவே ஆகும். அவை இல்லாமையால் நேரும் செலவோ பெரிது.

1947-ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டத்திற்கு மாற்றாக, தேசியச் செவிலியர் மற்றும் மகப்பேற்றுச் செவிலியர் ஆணையச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. கல்வித் தரத்தைச் சீரமைக்கும் இவ்வேளையில், நீரிழிவுப் பராமரிப்பில் தனித்திறன் பெற்ற செவிலியர்களை உருவாக்குவதும், அவர்களை அடிக்கடி வேறு பிரிவுகளுக்கு மாற்றாமல் அப்பணியிலேயே நிலைநிறுத்துவதும் மாநில அரசுகள் கருதத்தக்கவை.

ஒரு துளி இரத்தம், சரியான ஒரு சிரிஞ்சு, வேளைக்கு வரும் ஒரு தட்டு உணவு, கழுவித் துடைத்துப் பார்க்கப்பட்ட ஒரு பாதம்: நீரிழிவுப் பராமரிப்பின் பெரும் பகுதி இவற்றிலேயே அடங்கியுள்ளது. இவற்றை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நோயாளிக்கும் தவறாது செய்ய வல்லவர் செவிலியரே. அதற்குரிய நேரத்தையும் கருவியையும் அதிகாரத்தையும் அவருக்கு வழங்குவது நம் அனைவரின் பொறுப்பாகும்.